விற்ற படத்துக்குச் சிவப்புப் பொட்டு

ராமநாதபுரத்தில் அப்போது இல்லாதவை நிறைய. மழை இல்லை, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் ஆகியும் பாதித் தெருவில் விளக்கு இல்லை. இதில் ஒன்றையாவது கொண்டுவரலாம் என்று ஹாஜா முகைதீனுக்குத் தோன்றவில்லை. ஊரில் நவீன ஓவியம் இல்லையே என்றுதான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கொழும்பில், கொள்ளுப்பிட்டிப் பக்கம், ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி ஓவியக் கூடம் வைத்திருந்தாள். ஓவியர்களிடம் படத்தை வாங்கி மாட்டி, வருகிற பெரிய மனிதர்களுக்குக் காட்டி விற்பது அவள் தொழில். ஹாஜா அங்கே படச் சட்டம் துடைத்தான், ஆணி அடித்தான், வந்தவர்களுக்கு டீ கொடுத்தான். துடைத்தபடியே அவளுடைய வித்தையை எல்லாம் கற்றுக்கொண்டதாக அவன் நினைப்பு. படத்துக்கு முன்னால் தலையை இடப்பக்கம் சாய்த்து நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் வாய் திறக்கக் கூடாது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "ஆழம்" என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். இந்தியாக்காரர்கள் அங்கே தங்கப் பெர்மிட் தகராறு வந்து எல்லோரும் மூட்டை கட்டியபோது, மற்றவர்கள் தலைமன்னார்க் கப்பலில் வாசனைச் சோப்பும் கிராம்பும் கொண்டுவந்தார்கள். இவன் சாய்த்த தலையோடு தனுஷ்கோடியில் இறங்கினான்.

பெரியபட்டினத்தில் மனைவி சுலைகாவின் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தான். மாமனார் வாவு முகம்மது சங்கு வியாபாரி. கடலில் குளித்தெடுத்த சங்கை ஏலத்தில் பிடித்து, ராமநாதபுரத்தில் இருந்த தன் கிட்டங்கியில் குவித்து, வளையல் அறுக்கக் கல்கத்தாவுக்கு அனுப்புவார். சங்குக்குள் இருக்கும் சதை அழுகிக் கழிய வேண்டும். அந்தக் கிட்டங்கியில் ஒரு பொழுது உட்கார்ந்தவன் சட்டையைக் கழற்றி எறியலாம். மூக்கை எங்கே எறிவது? கொழும்பிலிருந்து வந்த மருமகனுக்கு அவர் வைத்திருந்த வேலை, அங்கே உட்கார்ந்து மூட்டை பார்ப்பதுதான். அதைக் கேட்டதிலிருந்து ஹாஜாவுக்குக் குமட்டல். எப்படியாவது தனக்கென்று ஒரு தொழில் வேண்டும், அது நாறக் கூடாது, அவ்வளவுதான் அவன் அல்லாவிடம் கேட்டது.

மாமனாரும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. கிட்டங்கியின் தெருவைப் பார்த்த முன்பகுதியை ஒழித்து, வெள்ளையடித்துக் கொடுத்தார். "மாடர்ன் ஆர்ட் காலரி" என்று பலகை ஏறியது. பின்னால் சங்கு, முன்னால் கலை. நடுவில் ஒரு மரத்தடுப்பு இருந்தது. நாற்றத்துக்கு அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

படத்துக்கு ஆள் வேண்டுமே. அதற்குத் தவசி கிடைத்தான். கடலாடிக்குப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். சென்னையில் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, அங்கே யாரும் சீண்டாததால் ஊருக்குத் திரும்பியிருந்தான். கறுப்பு, சாம்பல், வெள்ளை, நடுவில் ஒரு பழுப்புக் கோடு. இப்படித்தான் இருந்தன அவன் படங்கள். என்ன வரைந்திருக்கிறான் என்று ஹாஜா கேட்கவில்லை. ஓவியனிடம் அதைக் கேட்பவன் பட்டிக்காட்டான் என்று சீமாட்டி சொல்லியிருந்தாள். தவசியும் சொல்லவில்லை.

"நான் சொல்லிட்டா அப்புறம் படம் எதுக்கு பாய்? பாக்குறவுக சொல்லட்டும்" என்றான்.

பார்க்கிறவர்கள் வந்தார்கள், வராமல் இல்லை. செத்துப்போன அய்யாவின் போட்டோவுக்குக் கண்ணாடி போட முடியுமா என்று கேட்டு வந்தார்கள். காலண்டர் சும்மா தருவார்களா என்று கேட்டு வந்தார்கள். ராமேஸ்வரம் போகிற வடக்கத்தி யாத்திரைக்காரர் ஒருவர் ரயிலைத் தவறவிட்டு, நிழலுக்காக வந்து, ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கிவிட்டுப் போனார். ஹாஜா ஒவ்வொருவர் பக்கத்திலும் போய்த் தலையைச் சாய்த்து, "ஆழம்" என்றான். கேட்டவர்கள் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அவனுக்குச் சீமாட்டியின் சிவப்புப் பொட்டு ஞாபகம் வந்தது. கொழும்பில் ஒரு படம் விற்றால், அதன் ஓரத்தில் சின்னதாக வட்டமான சிவப்புக் காகிதம் ஒட்டுவார்கள். விற்றாயிற்று என்று அர்த்தம். ஒன்றில் பொட்டைப் பார்த்தால் அடுத்தவனுக்குப் பொறாமை வரும், அவனும் வாங்குவான். இங்கே ஒன்றும் விற்கவில்லை. அதனால் என்ன? ஹாஜா சிவப்பு மினுக்குக் காகிதத்தை வட்டமாக வெட்டி, மைதாப் பசை தடவிச் சுவரில் ஒட்டினான். சுண்ணாம்புச் சுவரில் பசை நிற்கவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. சட்டத்தில் ஒட்டலாமென்றால் பாதிப் படங்களுக்குச் சட்டமே கிடையாது. கடைசியில் படத்தின் மேலேயே, மேல்பக்கமாக எங்கே இடம் கண்ணில் பட்டதோ அங்கே, அழுத்தி ஒட்டிவிட்டான். ஒரு படத்துக்கு ஒட்டி இன்னொன்றுக்கு ஒட்டாமல் விட மனசு வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒட்டினான்.

அதன் பலன் உடனே தெரிந்தது. கடலாடியிலிருந்து கோர்ட்டுக்கு வந்த ஒரு மிராசுதார், மனைவி நாகலெட்சுமியோடு உள்ளே நுழைந்தார். படங்களில் சிவப்பைக் கண்டதும் அந்த அம்மாள் செருப்பை வாசலில் விட்டாள். ஒவ்வொன்றாகக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கடைசியில் ஹாஜாவிடம் திரும்பினாள்.

"எந்தச் சாமின்னு தெரியல. ஆனா பொட்டு வச்சிருக்கீக. சந்தனம் வைக்கலையே?"

ஹாஜா தலையைச் சாய்க்க மறந்து நின்றான். வியாபாரம் பேச வாய் வருவதற்குள், சாமி படத்தை விலை பேசி வாங்கினால் நல்லதில்லை என்று அவர்கள் போய்விட்டார்கள்.

இன்னொரு நாள், பாம்பன் பாலத்து ரயில்வே என்ஜினீயர் ஒருவர் வந்தார். இவர் உண்மையிலேயே படம் பார்க்கத் தெரிந்தவர். தவசியின் ஒரு படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார், தலையைச் சாய்க்காமலே நின்றார். பிறகு எல்லாப் படத்திலும் இருந்த பொட்டைப் பார்த்து, "அடடா, எல்லாம் விற்றுவிட்டதா? கொடுத்து வைத்த ஊர்" என்று வருத்தப்பட்டுவிட்டு வண்டியேறிப் போனார். மூட்டை எண்ண மாமனார் ஆள் அனுப்பியிருந்ததால் ஹாஜா அப்போது பின்னால் சங்குக் குவியலில் நின்றுகொண்டிருந்தான். குரல் கேட்டு முன்னால் ஓடி வருவதற்குள் வண்டி திரும்பிவிட்டது. இப்படி ஒரு வியாபாரி உலகத்தில் எங்கே கிடைப்பான்?

வாவு முகம்மது ஒரு நாள் கிட்டங்கிக்கு வந்தவர் முன்பகுதிக்கும் வந்தார். பொட்டுகளைப் பார்த்தார்.

"இது என்ன மாப்புள?"

"வித்த படத்துக்கு வைக்கிறது மாமா. கொழும்பு வழக்கம்."

"நம்ம வழக்கமும் அதுதானே. வித்த மூட்டைக்குச் செவப்பு வைப்போம். எத்தன வித்துச்சு?"

ஹாஜா பக்கத்தில் இருந்த ஒரு படத்தை நேராக்கத் தொடங்கினான். அவர் அதட்டவில்லை. அவருக்குக் குரல் உயராது. அதனால்தான் எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"விக்காத மூட்டைக்கு நாங்க செவப்பு வைக்கிறதில்ல" என்றார். "மலிகா கல்யாணம் வருது. அதுவரைக்கும் பாப்போம். அதுக்குள்ள இந்தக் கடையை நம்பி நாலு பேராவது வரணும். இல்லாட்டி முன்பக்கமும் சங்குக்கு வேணும், நீங்களும் வேணும்."

மலிகா சுலைகாவின் தங்கை. ஹாஜா அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தான். சுலைகாதான் வழி சொன்னாள். அவளுக்குக் கலையைப் பற்றிக் கவலை இல்லை, புருஷனைப் பற்றி இருந்தது.

"நம்மாளுக வீட்டுச் செவுத்தைப் பாத்திருக்கீகளா? மொட்டையா இருக்கும். ஆள் படம், மிருகப் படம் மாட்டுனா அந்த அறையில தொழ முடியாது, வானத்து மலக்குமாரு வரமாட்டாக. கடிகாரத்தையும் மக்கா படத்தையும் விட்டா மாட்ட என்ன இருக்கு? உங்க படத்துல ஒண்ணுமே இல்லையே. அதைச் சொல்லி வித்தா என்ன?"

ஹாஜா எழுந்து உட்கார்ந்தான். ஒன்றுமே இல்லாத படம்! இத்தனை நாள் அதுதான் குறை என்று எண்ணிக் குன்றிப்போயிருந்தான். இப்போது அதுதான் சரக்கு. பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடற்கரை முழுக்க மொட்டைச் சுவர்கள் அவன் கண்ணுக்குத் தெரிந்தன. மறுநாளிலிருந்து வீடு வீடாக ஏறினான். "உயிருள்ளது ஒண்ணும் இருக்காது, வண்ணம் மட்டும்தான்" என்றான். பணக்கார வீடுகளில் காது கொடுத்துக் கேட்டார்கள். முதலில் ஒரு வீட்டில் மாட்டிக் காட்டுங்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள். எந்த வீடு? மாமனார் வீடு இருக்கவே இருக்கிறது. மலிகாவும் புது மாப்பிள்ளையும் தங்க வீட்டிலேயே ஜோடிக்கிற மாப்பிள்ளை அறையில் ஒரு பெரிய படம் மாட்டினால், கல்யாணத்துக்கு வருகிற கடற்கரை முழுவதும் அதைப் பார்க்கும். மாமனார் யோசித்தார், ஒன்றே ஒன்று கேட்டார்.

"உருவம் இருக்காதே?"

"இருக்காது மாமா. கடல்தான். கறுப்பு தண்ணி, வெள்ளை நுரை."

நாற்பது வருஷம் கடலைப் பார்த்தவர் அவர். எந்தக் கடல் இப்படிக் கறுத்திருக்கிறது என்று கேட்டிருக்கலாம். மருமகன் பிழைக்கட்டும் என்று பணத்தை எடுத்து வைத்தார். காலரியின் முதல் வியாபாரம் அது. தவசிக்கு அவன் பங்கு போயிற்று. ஹாஜா அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தான்.

"யார் கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லு தவசி. ஒரே வார்த்தை. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

"சரி பாய்" என்றான் தவசி. அவன் முகம் விழுந்ததை ஹாஜா கவனிக்கவில்லை. அவன் எதைத்தான் கவனித்தான்?

கடற்காற்றில் படத்துக்கு உப்பு ஏறும் என்று தச்சனிடம் கொடுத்துத் தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டார்கள். அப்போது தச்சன், மேல்பக்கம் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்தைக் காட்டி, எடுக்கட்டுமா என்று கேட்டான். ஹாஜாவுக்குப் பெருமை பொங்கியது. இத்தனை பொய்ப் பொட்டுக்கு நடுவில் இது ஒன்றுதான் மெய்யான பொட்டு, மெய்யாகவே விற்ற படம். "இருக்கட்டும்" என்றான். பொட்டு கண்ணாடிக்குள் போயிற்று.

கல்யாணத்தன்று வீடு நிறைந்திருந்தது. முன்கூடத்தில் ஆண்கள், கீழக்கரையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள். உள்ளே பெண்கள். நடுவாசலில் பச்சைத் திரை. தவசியையும் அழைத்திருந்தார்கள், அவனுக்குத் தனியாக இலை போட்டு முன்கூடத்து ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஹாஜா புதுச் சட்டையும் அத்தருமாகத் திரிந்தான். அவனிடம் சங்கு வாடை இல்லை. இனிமேலும் இருக்காது என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கியது.

உள்ளே பெண்கள் மாப்பிள்ளை அறையைப் பார்க்கப் போனார்கள். பார்த்தது கட்டில், பீரோ, ஜப்பான் மெத்தை விரிப்பு. படத்தை யாரும் பார்க்கவில்லை, சுவரில் ஏதோ இருக்கிறது என்பதோடு சரி. ஹாஜாவின் கெட்ட நேரம், மாமியாரின் அக்கா ரம்ஜான் பீவிக்கு முழங்கால் வலி. கல்யாண வீட்டுக்குப் போய் நாலு குறை கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குச் செரிக்காது. அன்று விரிப்பில் தையல் நன்றாக இருந்தது, பீரோவும் ஆடவில்லை. வேறு வழியில்லாமல் கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, அவ பொட்டு வச்சிருக்கா" என்றாள்.

"எவ பெரியம்மா?" என்று சுலைகா கேட்டாள்.

"அந்தா உக்காந்திருக்காளே, அவதான்."

பொட்டைக் காட்டினாள். பொட்டுக்குக் கீழே ஒரு முகம் குனிந்திருந்தது. முகத்துக்குக் கீழே தோள், தோளுக்குக் கீழே மடி. ஒருத்தி பார்த்ததும் அடுத்தவளுக்கும் தெரிந்தது. அறைக்குள் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. ஒருத்தி தன் துப்பட்டியை எடுத்து அதன் மேல் போட்டாள். கொஞ்ச நேரத்தில் செய்தி திரையைத் தாண்டி முன்கூடத்துக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை அறையில் ஒரு பொம்பளை படம் இருக்கிறதாம், அதுவும் பொட்டு வைத்தவளாம்.

வாவு முகம்மது படத்தை வெளியே கொண்டுவந்து தூணில் சாய்த்து வைக்கச் சொன்னார். சம்பந்தி வீட்டார் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மாப்புள, இதுல ஆள் இருக்கா?"

"இல்ல மாமா. கடலு, நுரை." ஹாஜாவுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்று அவன் மனமார நம்பினான். அதனால் தானாகவே போய் வலையில் விழுந்தான். "வரைஞ்சவரே இங்கன இருக்காரு. அவரையே கேளுங்க."

தவசி கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தான். ஒரே வார்த்தை. ஹாஜா கண்ணாலேயே அவன் காலில் விழுந்தான். தவசி அவனைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், "ஒண்..." என்று ஆரம்பித்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து ரம்ஜான் பீவியின் குரல் வந்தது.

"அந்தத் தம்பிய எதுக்குக் கேக்குறீக? எனக்குக் கண்ணு இல்லையா? குனிஞ்சு உக்காந்திருக்கா. கீழ கெடக்கறதைப் பொறுக்கி மடியில போடுறா. வலது காலைச் சாய்ச்சு வச்சிருக்கா, முழங்கால் நோவு."

தவசி வாய் திறந்தபடி நின்றான். மெல்லத் திரையின் பக்கம் நடந்தான். ஒரு பெரியவர் கையை நீட்டித் தடுத்ததும் நின்றுவிட்டான்.

"முழங்கால் தெரியுதா தாயி?"

"எனக்கும் அந்தக் காலுதான் வலி. தெரியாம என்ன?"

"பருத்தி எடுக்குறா" என்றான் தவசி. சொன்னவர் யார் என்று அவனுக்குத் தெரியாது, முகத்தைப் பார்க்கவும் முடியாது. பச்சைத் துணியைப் பார்த்துத்தான் பேசினான். "எங்க ஆத்தா. கரிசக்காட்டுல காலையில இருந்து பொழுதடைய அப்படித்தான் இருப்பா. நான் மதராசுல படிக்கும்போது போய்ச் சேந்துட்டா. இத்தன நாள்ல ஒருத்தர் சொல்லல தாயி. நீங்கதான் சொன்னீக."

முன்கூடம் முழுக்க அத்தர் வாசனை. ஹாஜாவுக்கு மட்டும் மூக்கில் சங்கு வாடை வந்தது.

"வெள்ளச் சீல கட்டியிருக்கா" என்றது திரை. ரம்ஜான் பீவி குறை சொல்லாமல் விடுகிறவள் இல்லை. "வெள்ளச் சீலைக்காரிக்கு எதுக்குச் செவப்புப் பொட்டு?"

அப்போதுதான் தவசி கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். நெற்றி நடுவில், மினுமினுவென்று, வட்டமாக இருந்தது.

"இது நான் வைக்கல" என்றான். "நான் கைப்பிள்ளையா இருக்கும்போதே எங்கய்யா செத்துப்போனாரு. எங்காத்தா பொட்டு வச்சு நான் பாத்ததே இல்ல. யாரு வச்சது?"

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். வாவு முகம்மது சுற்றிப் பார்க்கவில்லை, நேராக மருமகனைப் பார்த்தார்.

"இது மெய்யாவே வித்த படம் மாமா" என்றான் ஹாஜா.

"இனிமே இல்ல" என்றார் அவர்.

அவ்வளவுதான் பேச்சு. சம்பந்தி வீட்டார் பெருந்தன்மைக்காரர்கள், மறுபடி சாப்பிட உட்கார்ந்தார்கள். மலிகாவின் கல்யாணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. படம் வேண்டும் என்று தலையாட்டியிருந்த வீட்டுக்காரர்கள் ஹாஜாவை எதிரே கண்டால் தொழுகைக்கு நேரமாகிவிட்டதாகச் சொல்லி நகர்ந்தார்கள்.

படத்தை எடுத்துக்கொண்டு போகும்படி தவசியிடமே சொல்லியாயிற்று. பணத்தைத் திருப்பிக் கேட்க மாமனார் விடவில்லை. வாசலில் ஹாஜா அவனைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு வார்த்தை தவசி. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். என்னைக் கொன்னுட்டியே."

"சொல்லத்தான் வந்தேன் பாய். முழங்காலைச் சொல்லிட்டாகளே, அப்புறம் எப்படிச் சொல்றது? பெத்தவளை இல்லைங்கவா?" தவசி கோபப்படவில்லை. "உங்க கடையிலதான் இம்புட்டு நாளா இருந்தா. நீங்க ஒரு நாளாவது பாத்தீகளா?"

ஹாஜா பழைய பழக்கத்தில் சட்டத்தைத் துடைத்தான். கடைசியில், செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று தோன்றியதால், "கண்ணாடியைக் கழட்டி அந்தப் பொட்டைப் பேத்துத் தாரேன், நான் ஒட்டுனதுதான்" என்றான்.

தவசி படத்தை இன்னொரு தரம் பார்த்தான்.

"வேணாம். இருக்கட்டும்" என்றான். "நல்லாத்தான் இருக்கா."

படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கடலாடி பஸ்ஸுக்கு நடந்தான். வெயில் கண்ணாடியில் பட்டுப் பளிச்சிட்டது, பிறகு அவன் திரும்பியபோது தணிந்தது. அப்போது ஹாஜா பார்த்தான். தலையைச் சாய்க்கவில்லை, பெருமூச்சு விடவில்லை. ஒருத்தி குனிந்து உட்கார்ந்து, வலது காலைச் சாய்த்து வைத்து, வெள்ளை வெள்ளையாக எதையோ மடியில் அள்ளிக்கொண்டு போனாள். தெரு திரும்பும் வரை தெரிந்தாள். இவ்வளவு பெரிய ஆள் எப்படித் தன் கண்ணில் படாமல் போனாள் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

காலரியில் இப்போது முன்பக்கமும் சங்குதான். பலகையைத் திருப்பிப் போட்டு அதன் மேல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். கல்கத்தாக்காரன் பேசி முடித்த மூட்டைக்குச் சிவப்புக் காவி வைப்பது ஹாஜாவின் வேலை. அதில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. விற்ற மூட்டைக்கு மட்டும்தான் வைக்கிறான். விரலைக் காவியில் தொட்டு, மேலே, நடுவில், வட்டமாக வைக்கிறான். வைத்துவிட்டு ஒவ்வொரு மூட்டையையும் கொஞ்ச நேரம் பார்க்கிறான், உள்ளே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று.